எறும்பும் பூனையும்

பொம்மனஹள்ளியில் மழை தொடங்கிவிட்டால் நம்மவர் அடுக்களைகளில் எறும்புச் சாரை புகுந்துவிடும். உடனே எறும்புச் சாக்குக்கட்டியால் தரையிற் கோடு கிழிக்கிறோம். வீட்டில் பூனை உண்டெனில் இது தகாது. அக்கட்டிகளிற் பெரும்பாலும் இருப்பது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற நஞ்சு. அதை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. கோட்டை மிதித்த பூனை, பாதத்தை நக்கும்போது நஞ்சையும் உட்கொள்கிறது.

எறும்புகள் தாம் இட்ட மணத்தடத்தைப் பற்றியே வருகின்றன. சவர்க்கார நீரால் தரையைத் துடைத்தால் அத்தடம் அழியும். பின்பு அவை நுழையும் வெடிப்பைச் சிமெண்டால் அடைத்துவிடுங்கள். பூனையின் உணவுக் கிண்ணத்தை, நம் பாட்டிமார் நெய்ச்சட்டியை வைத்ததுபோல, தண்ணீர்த் தட்டின் நடுவே வையுங்கள்.

பூனைக்கு எச்சில் ஒழுகி உடல் நடுங்கினால் தாமதியாது கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அரிசிமாக் கோலமிட்டு எறும்புக்கும் விருந்தளித்த மரபு நம்முடையது. அவ்விருந்து வாயிற்படியோடு நிற்கட்டும்.