தோட்டத்துப் பாம்புகளும் நம் பாதுகாப்பும்



பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். படை நடுங்கலாம். ஆனால், பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரையில் இறங்கி வேலை பார்க்க வேண்டிய நாம் நடுங்கிக்கொண்டே இருக்க முடியுமா? எந்தப் பாம்பு எங்கே இருக்கும், கடித்துவிட்டால் என்ன செய்வது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் வழி.

முதலில், பாம்பு ஏன் தோட்டத்துக்கு வருகிறது? செம்பனைப் பழத்தைத் தேடி எலி வருகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. வெட்டி அடுக்கிய மட்டைக் குவியல் இரண்டுக்குமே நல்ல வீடு. லயத்தின் பின்புறம் பழைய பலகையும் குப்பையும் சிந்திய கோழித் தீனியும் கிடந்தால் அங்கேயும் இதே கதைதான்.

நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சில்லாதவை. மலைப்பாம்புக்கும் நஞ்சு கிடையாது. தோட்டத்தில் நாம் முக்கியமாக அறிய வேண்டியவை மூன்று.

ஒன்று, நாகம். படமெடுத்துச் சீறும். இங்குள்ள கருநாகம் கடிப்பதோடு, கண்ணைக் குறிபார்த்து நஞ்சைப் பீய்ச்சவும் செய்யும். கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. உடனே நல்ல தண்ணீரைக் கால்மணி நேரம் ஊற்றிக் கழுவிவிட்டு, மருத்துவரிடம் போக வேண்டும். நாகத்தின் இனத்தில் சேராவிட்டாலும் அதைப் போலவே படமெடுக்கும் ராஜநாகம், உலகிலேயே நீளமான நச்சுப் பாம்பு. அதன் உணவு பிற பாம்புகள். கண்டால் விலகிப் போவதே நல்லது.

இரண்டு, கட்டுவிரியன். உடலில் கறுப்பும் மஞ்சளுமாகவோ, கறுப்பும் வெள்ளையுமாகவோ பட்டை பட்டையாக இருக்கும். இரவில்தான் நடமாடும். இதன் கடியில் வலியோ வீக்கமோ அதிகம் இராது. தரையில் படுத்துறங்குபவர், எறும்பு கடித்ததாக நினைத்துத் திரும்பிப் படுத்துவிடக்கூடும். சில மணி நேரத்தில் கண்ணிமை தொங்கும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சுவிட முடியாமல் போகும். வலி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

மூன்று, குழிவிரியன். தீபகற்பத்தின் வடபகுதியில், பெர்லிஸ், கெடா, பினாங்கு போன்ற இடங்களில் இதைக் காணலாம். பழுப்பு நிறம்; முதுகின் இருபுறமும் கரிய முக்கோணங்கள். ரப்பர் மரத்தடியில் காய்ந்த இலைச் சருகோடு சருகாகக் கிடக்கும். ஆள் வரும் அரவம் கேட்டாலும் விலகாது. மிதித்தால் கடிக்கும். கடித்த இடம் வீங்கும். இரத்தம் உறையாமல் ஈறிலிருந்தும் கசியலாம்.

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் பினாங்கில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டேர் ரீட், குழிவிரியன் கடித்து வந்தவர்களை ஆராய்ந்தார். பல் பதிந்தும் பலருக்கு நஞ்சு ஏறவில்லை, அல்லது சிறிதளவே ஏறியது என்று கண்டார். இதை நாம் நன்றாக யோசிக்க வேண்டும். நஞ்சு ஏறாதவருக்கு வேப்பிலை அடித்தாலும் பிழைப்பார், பச்சிலை கட்டினாலும் பிழைப்பார். புகழ் மந்திரத்துக்குப் போகும். அதை நம்பி, நஞ்சு ஏறியவரையும் அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தால், போகும் நேரம் உயிரைக் கொண்டுபோய்விடும். மந்திரிப்பவர்மீது நம்பிக்கை இருந்தால், மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு போகலாம், தவறில்லை.

கடித்துவிட்டால் என்ன செய்வது? கடிபட்டவரை ஓடவோ நடக்கவோ விடாதீர்கள். கைகால் அசைந்தால் நஞ்சு விரைவாகப் பரவும். கட்டையோ அட்டையோ வைத்து, எலும்பு முறிந்த காலைப்போல அசையாமல் வையுங்கள். மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 999-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். இரத்த ஓட்டம் நின்று காலே அழுகிப் போகலாம். கத்தியால் கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். சம்சு கொடுக்காதீர்கள். பாம்பை அடித்துக் கொண்டுவரப் போய் இன்னொருவர் கடிபட வேண்டாம். எட்ட நின்று கைத்தொலைபேசியில் படம் எடுக்க முடிந்தால் போதும்.

மருத்துவமனையில் உடனே நச்சுமுறி மருந்து போடவில்லையே என்று கோபித்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் உண்டு. அது தவறு. நஞ்சு ஏறிய அடையாளம் தெரிந்தால்தான், பாம்பின் வகைக்கேற்ற மருந்தைப் போடுவார்கள். இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பதும் ஒரு சோதனை. ஒரு நாள் தங்கச் சொன்னால் தங்குங்கள்.

தேள், பூரான் கடி பெரும்பாலும் வலியோடு போய்விடும். ஆனால், குளவியோ தேனீயோ கொட்டி, முகம் வீங்கி மூச்சுத் திணறினால், அதுவும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காரியமே.

வருமுன் காப்பது எளிது. வேலைக்குப் பூட்ஸ் அணியுங்கள். அணியுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். உதிரிப் பழத்தை மட்டைக்கு அடியிலிருந்து எடுக்கும்போது, கைக்கு முன்னால் கொக்கியையோ குச்சியையோ நீட்டுங்கள். இருட்டில் விளக்கில்லாமல் வெளியே போகாதீர்கள். தரையில் படுத்தால் கொசுவலையைப் பாயின் அடியில் செருகிக்கொள்ளுங்கள். லயத்தைச் சுற்றிக் குப்பை சேர விடாதீர்கள்.

இன்று சொன்னவற்றைப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். பாம்பைக் கண்டால் கல்லெறியாமல் விலகி வந்து பெரியவர்களிடம் சொல்லும் பிள்ளையே கெட்டிக்காரப் பிள்ளை.