பெயரை மாற்றினால் போதுமா?

(தஞ்சையில் நடந்த ஊழியப் பங்காளர் கூடுகையில், மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை)



புதிய கட்டடத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் முப்பது ஆண்டுகள் பதிவேட்டு அறையில் உட்கார்ந்தவன். எனக்குத் தெரிந்தது நோயாளிகளின் சீட்டுகள்தான். அவற்றைப் பற்றியும், ஒரு பேராசிரியரைப் பற்றியும் சொல்லுகிறேன்.

அவர் பெயர் அரவிந்த் நாராயணன். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி செய்யப் போனவர். அந்த நாட்களில் நெட்ஃபிளிக்ஸ் சினிமா டிவிடிகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்பி வந்தது. 2006-இல் அந்த நிறுவனம், சுமார் 4,80,000 சந்தாதாரர்கள் படங்களுக்குக் கொடுத்த 10 கோடி மதிப்பெண்களை ஒரு போட்டிக்காக வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டோம், பயமில்லை என்றார்கள். அரவிந்தும் அவருடைய ஆசிரியர் விட்டாலி ஷ்மாட்டிகோவும் அதைச் சோதித்தார்கள். ஒருவர் 8 படங்களுக்குக் கொடுத்த மதிப்பெண்ணும் தேதியும் தெரிந்தால் போதும். அதில் இரண்டு தவறாக இருந்தாலும், தேதி இரண்டு வாரம் முன்பின்னாக இருந்தாலும், நூற்றுக்கு 99 பதிவுகளைத் தனியே பிரித்தெடுத்துவிடலாம் என்று கண்டார்கள். 2008-இல் அந்தக் கட்டுரை வந்தது. 2010-இல் நிறுவனம் இரண்டாவது போட்டியைக் கைவிட்டது.

சினிமாதானே என்று தோன்றும். ஆனால் 1990-களிலேயே லத்தான்யா சுவீனி என்ற மாணவி, பெயர் நீக்கிய மருத்துவப் பதிவுகளிலிருந்து மாசசூசெட்ஸ் ஆளுநரின் பதிவையே கண்டுபிடித்திருந்தார். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அஞ்சல் குறியீடு, இவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்டது.

நமது காவிரிக் கரை கிராமங்களுக்குக் கம்ப்யூட்டரும் வேண்டாம். முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தின் மடலில், காசநோய் கண்ட ஒரு தாயின் கதை வந்தது. பெயரை மாற்றியிருந்தோம். ஆனால் கணவர் வயலில் பாம்பு கடித்து இறந்தவர், சம்பா அறுவடையின்போது சேர்க்கப்பட்டவர், இரண்டு பெண்மக்கள், இத்தனையும் இருந்தது. எடுத்துக் கொடுத்தவன் நானே. மடல் அந்த ஊர்ச் சபைக்கும் போயிற்று. ஆராதனை முடிந்து வெளியே வருமுன் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிட்டது. மூத்த பெண்ணுக்குப் பேசியிருந்த சம்பந்தம் நின்றது. அந்த அம்மா மாத்திரை வாங்க வருவதையும் நிறுத்திவிட்டார்கள். ஆறு மாத மருந்தில் இரண்டு மாதமே முடிந்திருந்தது. (இப்போது சொன்ன விவரங்களிலும் இரண்டை மாற்றித்தான் சொன்னேன்.)

அரவிந்த் 2012-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். பிறகு அங்குள்ள தகவல் தொழில்நுட்பக் கொள்கை மையத்தின் இயக்குநராகவும் ஆனார். பத்து லட்சம் இணையதளங்கள் நம்மை எப்படிப் பின்தொடர்கின்றன என்று ஒரு மாணவரோடு சேர்ந்து ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார். நம் நாட்டிலும் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

நமது மடலைப் பற்றிப் பொறுப்பாளர்களிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். ஊர், மாதம், தொழில் எதையும் போட வேண்டாம். முகம் தெரியும் படமும் வேண்டாம். அச்சுக்குப் போகுமுன் அந்தக் கதையை நோயாளிக்கே வாசித்துக் காட்ட வேண்டும்; வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். அப்படிச் செய்தால் உங்கள் கைக்கு வரும் கதைகள் சற்று வறண்டுதான் இருக்கும். காணிக்கை குறைந்துவிடுமோ என்று கணக்குப் பிரிவுச் சகோதரர் கவலைப்படுகிறார். அவர் கவலையும் நியாயமானதே. அதை உங்களிடமே கேட்டுவிடலாம் என்றுதான் இன்று வந்து நிற்கிறேன்.