பாடத்திட்டத்தை மாத்துறது யாரு? அதைக் கேட்க நமக்கு வழி இருக்கா?

(முதலாம் ஆண்டு மாணவர்களும் பெற்றோர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரி திறந்து சில வாரம்தான் ஆகுது. அதுக்குள்ள உங்க வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுத்த ஆரம்பிச்சிருக்கும். "இந்த வருஷம் சிலபஸ் மாறிடுச்சாம்!" யார் மாத்தினாங்க, எதுக்காக மாத்தினாங்க, நம்ம பிள்ளைக்கு அது பொருந்துமா என்பதெல்லாம் அந்தச் செய்தியில் இருக்காது. கல்லூரியில் போய்க் கேட்டால் "மேலிடத்து முடிவு" என்று பதில் வரும். அந்த மேலிடம் எங்கே இருக்கு? அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் தனி ஒருவரிடம் இல்லை. அது கூட்டங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்துக்கு ஒரு தேதி, ஒரு நடவடிக்கைக் குறிப்பு இருக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் இது படிப்படியாக நடக்கும். முதல் படி பாடத்திட்டக் குழு. ஆசிரியர்கள் 'போர்டு ஆஃப் ஸ்டடீஸ்' என்பார்கள். அந்தந்தப் பாடத்தில் வல்லவர்கள் உட்கார்ந்து எந்தத் தாள் வரணும், எந்த அலகை எடுக்கணும், எத்தனை மணி நேரம், எத்தனை கிரெடிட் என்று வரைவு தயாரிப்பார்கள். அடுத்த படி கல்விக்குழு, அதாவது 'அகாடமிக் கவுன்சில்'. எல்லாத் துறைகளும் அங்கே இருக்கும். வரைவை ஏற்கலாம், திருத்தலாம், திருப்பி அனுப்பலாம். அதற்கும் மேலே சிண்டிகேட் என்கிற ஆட்சிக்குழு. புதிய படிப்பு, பணம், பணியிடம் சம்பந்தப்பட்டவை அதுவரைக்கும் போகும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சட்டம் கொஞ்சம் மாறும். ஆனால் ஆசிரியர் குழுவில் தொடங்கி மேலே போக வேண்டும் என்ற வரிசை பொதுவானது.

"அப்ப துணைவேந்தர் நினைச்சா மாத்த முடியாதா?" என்று கேட்பீங்க. அவசர நேரத்தில் துணைவேந்தரே முடிவெடுக்கப் பல பல்கலைக்கழகச் சட்டங்களில் இடம் இருக்கு. ஆனால் அந்த முடிவையும் அடுத்த கூட்டத்தில் வைத்தாக வேண்டும்.

நம்ம கல்லூரி எந்த வகை என்பதையும் தெரிஞ்சுக்கணும். இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகம் தரும் பாடத்திட்டம்தான். கல்லூரி முதல்வரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பட்டம் பல்கலைக்கழகத்துடையது, பாடத்திட்டம் கல்லூரியுடையது. 1978-லேயே சென்னையில் லயோலா, கிறித்துவக் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றுவிட்டன. இன்று நாட்டிலேயே தன்னாட்சிக் கல்லூரிகள் அதிகம் உள்ள மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

தன்னாட்சி என்பதால் இஷ்டம்போல் மாற்றலாம் என்று அர்த்தமில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி அங்கேயும் பாடத்திட்டக் குழுவும் கல்விக்குழுவும் உண்டு. பாடத்திட்டக் குழுவில் துறை ஆசிரியர்களோடு வெளியிலிருந்து பாட வல்லுநர்கள், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில் துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் இருக்க வேண்டும். அந்த முன்னாள் மாணவர் யாருன்னு உங்க கல்லூரியில் கேட்டுப் பாருங்க. நம்மைப் போல வெளியில் இருப்பவர்களின் குரல் உள்ளே போக அவர் ஒரு வாசல்.

"இத்தனை படி எதுக்கு சார்? உலகம் ஏ.ஐ. வரைக்கும் போயிடுச்சு, இங்க ஒரு தாளை மாத்தவே ஒரு வருஷம் ஆகுதே!" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சில குழுக்கள் காலத்தோடு கூடுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் படிகளை அவசரமாகத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தில்லிப் பல்கலைக்கழகம் ஒரு பாடம்.

அங்கே மூன்றாண்டு இளநிலைப் படிப்பை நான்காண்டாக மாற்ற 2012 டிசம்பரில் கல்விக்குழு ஒப்புதல் தந்தது. எல்லா மாணவர்களுக்கும் 11 அடித்தளப் பாடங்கள் கட்டாயம் என்றார்கள். பாடங்களை எழுத நேரம் போதாது, விவாதம் போதாது என்று ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். ஆனாலும் 2013 ஜூலையில் வகுப்புகள் தொடங்கின. மானியக் குழு தலையிட்டதால் 2014 ஜூன் மாதக் கடைசியில் பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தைத் திரும்பப் பெற்றது. நான்காண்டுப் படிப்பு நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் நான் போகலை. இடையில் மாட்டினது யாருன்னு மட்டும் பாருங்க. ஒரு வருஷம் படிச்சு முடிச்ச முதல் அணி மாணவர்கள்! அவர்கள் மீதிப் படிப்பை மறுபடியும் மூன்றாண்டுக் கணக்குக்குள் பொருத்த வேண்டியதாயிற்று.

கூட்டத்தில் "இது சரியா வருமா?" என்று ஓர் ஆசிரியர் எழுந்து கேட்பதை இடைஞ்சலாக நினைக்காதீங்க. அந்தக் கேள்வி நம்ம பிள்ளைக்காகக் கேட்கப்படுவது.

நல்ல மாற்றமும் இதே பாதையில்தான் வரும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்ற இரண்டு தாள்கள் சேர்ந்தன. இன்று பொறியியல் மாணவர்கள் முதலாண்டிலேயே அவற்றைப் படிக்கிறார்கள்.

சரி, சிலபஸ் மாறுதுன்னு செய்தி வந்தால் நீங்க என்ன பார்க்கணும்?

முதலில், எந்த ஆண்டு சேர்ந்தவர்களுக்கு அந்த மாற்றம் என்று பாருங்க. பெரும்பாலும் புதிதாகச் சேர்கிறவர்களுக்குத்தான் புதிய பாடத்திட்டம். ஏற்கெனவே படிக்கிறவர்கள் தாங்கள் சேர்ந்த ஆண்டின் ஒழுங்குமுறைப்படியே தொடர்வார்கள். வாட்ஸ்அப் செய்தியில் விட்டுப்போவது இந்த ஒரு வரிதான்.

இரண்டாவது, அரியர் இருந்தால் பழைய பாடத்திட்டத்தில் எதுவரைக்கும் தேர்வு எழுதலாம், அதற்குப் பிறகு எந்தப் புதிய தாள் அதற்குச் சமமாகக் கருதப்படும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்க. வாய்வார்த்தை போதாது.

மூன்றாவது, பட்டத்தின் பெயர். கவர்ச்சியாக இருக்கட்டும் என்று படிப்பின் பெயரில் ஒரு சொல்லைச் சேர்த்திருப்பார்கள். நாளைக்கு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "இது கேட்ட பட்டத்துக்கு இணையா?" என்ற கேள்வி வரும். அந்த இணைத்தன்மைக்குத் தனி அரசாணை தேவைப்படலாம். சேரும்போதே கேட்டுவிட்டால் அஞ்சு வருஷம் கழிச்சு அலைய வேண்டாம்.

இதையெல்லாம் எங்கே தேடுவது? கையில் போன் இருக்கு. பல்கலைக்கழகம் அல்லது கல்லூரியின் இணையதளத்தில் பாடத்திட்டம், ஒழுங்குமுறை, கல்விக்குழுக் கூட்டக் குறிப்பு ஆகியவற்றைத் தேடுங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆம் பிரிவு, தங்களிடம் என்னென்ன குழுக்கள் இருக்கின்றன, அவற்றின் கூட்டக் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா என்பதை யாரும் கேட்காமலேயே வெளியிடச் சொல்கிறது.

இல்லையென்றால் ஒரு மனு போடுங்க. "இன்ன பாடத்துக்கான பாடத்திட்ட மாற்றத்துக்கு ஒப்புதல் தந்த பாடத்திட்டக் குழு, கல்விக்குழுக் கூட்டங்களின் தேதி, தீர்மானம், நடவடிக்கைக் குறிப்பின் நகல் தேவை" என்று எழுதினால் போதும். "ஏன் மாற்றினீர்கள்?" என்று விளக்கம் கேட்காதீங்க, ஆவணத்தைக் கேளுங்க. கட்டணம் 10 ரூபாய். மனு கிடைத்த 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வரவில்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு. அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம். இணையவழி மனு வசதியில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்க. இல்லாவிட்டால் பதிவுத் தபால் இருக்கவே இருக்கு. சுயநிதி இணைப்புக் கல்லூரி என்றால் மனுவைப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்புங்க.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பருவ முடிவில் பாடத்திட்டம் பற்றிக் கருத்துப் படிவம் வரும். பலபேர் அதை நொடியில் 'மிக நன்று' என்று தட்டிவிட்டுப் போயிடுறீங்க. நாக் தர மதிப்பீட்டில் அந்தக் கருத்துக்கேட்பும் ஓர் அளவுகோல். "இந்த அலகு இரண்டு தாளில் திரும்ப வருது", "செய்முறைக்கு நேரம் போதலை" என்று குறிப்பாக எழுதுங்க. பாடத்திட்டக் குழுவில் உட்காரும் ஆசிரியருக்கு, "மாணவர்களே எழுதியிருக்காங்க" என்று எடுத்து வைக்க ஒரு தாள் கிடைக்கும். கூட்டத்தில் எழுத்துக்குத்தான் மதிப்பு.

அடுத்த தடவை "சிலபஸ் மாறிடுச்சாம்" என்று செய்தி வந்தால், அதை ஃபார்வேர்டு பண்றதுக்கு முன்னாடி இரண்டு கேள்வி கேளுங்க: எந்தக் கூட்டத்தில், எந்தத் தேதியில்? பதில் கிடைத்தால் பகிருங்க. கிடைக்கவில்லை என்றால் எங்கே கேட்க வேண்டும் என்பது இப்போ உங்களுக்குத் தெரியும்.