மீண்டும் வளரும் கண்சதையும் அறுவை மருத்துவமும்



கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் கண்நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். படிக்கின்ற பிள்ளைக்குக் கண் வேண்டும்; அப்பிள்ளையைப் படிக்க வைக்க உழைக்கும் பெற்றோருக்கும் கண் வேண்டும். கோட்டக்குப்பம் தொடங்கி மரக்காணம் வரையுள்ள கடற்கரைப் பகுதியில் வயலிலும் உப்பளத்திலும் கட்டட வேலையிலும் நாள் முழுதும் வெயிலில் நிற்பவர்களுள் நம் மக்கள் பலர். வெயிலில் உழைப்போரை நாடி வரும் நோய்களுள் ஒன்று, கண்ணில் சதை வளர்தல்.

புரை வேறு, பூ வேறு, இச்சதை வேறு. புரை என்பது கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை மங்குவது. பூ என்பது கருவிழியில் புண் ஆறியபின் நிற்கும் தழும்பு. சதையோ வெள்விழியைப் போர்த்திய மெல்லிய சவ்விலிருந்து கிளம்பி, பெரும்பாலும் மூக்கின் பக்கமாக, முக்கோண வடிவில் கருவிழியின்மேல் ஏறுவது. சிறு இறகு போன்ற தோற்றத்தால் மருத்துவர்கள் இதனை டெரிஜியம் என்கின்றனர். சுசுருதர் இதனையொத்த நோயை அர்மம் என்று குறித்து, கொக்கியால் தூக்கி அறுக்கும் முறையை அக்காலத்திலேயே கூறியுள்ளார்.

வெயிலிலுள்ள புறஊதாக் கதிரே இதற்கு முதற்காரணம். கருவிழிக்கும் வெள்விழிக்கும் இடையேயுள்ள விளிம்பில் ஒருவகை மூல உயிரணுக்கள் வரப்புப்போல் நின்று காக்கின்றன. கதிர்பட்டு அவ்வரப்பு பழுதுறும்போது சதை உள்ளே நுழைகின்றது என்பது அறிஞர் கருத்து. புழுதியும் காற்றும் உறுத்தலை மிகுவிக்கும்.

இனி, நம்மவர் பலரை மனம் தளரச் செய்யும் செய்திக்கு வருவோம். “ஒருமுறை அறுத்தார்கள், மறுபடியும் வளர்ந்துவிட்டது, இனி அறுத்துப் பயனில்லை” என்று கூறுவோரை நாம் கேட்டிருக்கிறோம். இது தலையெழுத்து என்று எண்ண வேண்டியதில்லை. சதையை அறுத்துவிட்டு, அந்த இடத்தை மூடாமல் விடுவது பழைய முறை. கோரையைப் பிடுங்கி நிலத்தை வெறுமையாக விட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். அம்முறையில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சதை மீண்டும் வளர்ந்ததாகப் பல ஆய்வுகள் காட்டின. மீண்டும் வளர்வது முன்னதைவிடத் தடித்தும் வேகமாகவும் வளரும். தழும்பு இறுகி விழியசைக்கும் தசையைப் பற்றிக்கொண்டால், பக்கவாட்டில் பார்க்கும்போது ஒன்று இரண்டாகத் தெரியும்.

இதற்கு விடை நம் கண்ணிலேயே இருக்கின்றது. அதே கண்ணின் மேலிமைக்குக் கீழே, வெயில்படாத இடத்திலிருந்து மெல்லிய சவ்வினை எடுத்து, சதையை அறுத்த இடத்தில் ஒட்டவைப்பது புதிய முறை. நாற்றைப் பெயர்த்து நடுவது போன்றது இது. 1985ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கென்யனும் அவர்தம் குழுவினரும் இம்முறையில் 57 கண்களுக்குச் செய்த சிகிச்சையை வெளியிட்டனர். அவற்றுள் 41 கண்கள் முன்பே அறுத்து மீண்டும் வளர்ந்தவை. ஆயினும் 3 கண்களில் மட்டுமே மறுபடி வளர்ந்தது. இன்று அச்சவ்வினை நுண்ணிய தையலால் பொருத்துவதும் உண்டு. ஃபைப்ரின் பசையால் ஒட்டுவதும் உண்டு. கண்ணை மட்டும் மரக்கச் செய்து சிகிச்சை முடிப்பர். சவ்வு போதாதபோது, மகப்பேற்றில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வு உதவுகின்றது. மறுவளர்ச்சியைத் தடுக்க மைட்டோமைசின் என்னும் மருந்தையும் அளந்து பயன்படுத்துவர். அளவு மிஞ்சினால் வெள்விழியே கரையும் ஆதலின் அது வல்லவர் கையில்தான் இருத்தல் வேண்டும்.

மருத்துவம் நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. கோட்டக்குப்பத்தை அடுத்த புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கின்றது. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2003 முதல் புதுச்சேரியிலும் இயங்குகின்றது. முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. ஆண்டைக்கு அஞ்சி ஒதுங்கிய காலம் போயிற்று. மருத்துவரிடம் கேள்வி கேட்பதும் நம் உரிமையே. “வெறுமனே அறுப்பீர்களா, சவ்வு வைத்து மூடுவீர்களா? அறுத்த சதையைச் சோதனைக்கு அனுப்புவீர்களா?” என்று பணிவோடு கேளுங்கள். சிலபோது புற்றுநோயும் சதைபோலவே தோற்றமளிக்கும். ஆதலின் இரண்டாம் கேள்வி மிக முக்கியம்.

சிகிச்சைக்குப் பின் கூலி போகின்றதே என்று மறுநாளே வெயிலில் இறங்கலாகாது. மறுவளர்ச்சி பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் தலைகாட்டும். ஆதலின் சொன்ன நாளில் சென்று காட்டுதல் வேண்டும். சிவப்புக் குறையக் கடையில் சொட்டுமருந்து வாங்கித் தாமாக விடுவோர் உண்டு. அவற்றுள் ஸ்டீராய்டு மருந்துகள் நாட்பட்டால் கண்ணழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே கெடும். பச்சிலைச் சாறும் தாய்ப்பாலும் கண்ணில் விடுதல் புண்ணுக்கு வழி. அகன்ற விளிம்புள்ள தொப்பியும், புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் வேலைக்குச் செல்வோர்க்குக் காப்பு. சதை சிறிதாய் இருந்து பார்வையை மறைக்காதபோது அறுவையே தேவைப்படாமலும் போகலாம்.

இளைஞர்களே! சித்த மருத்துவராயிருந்த அயோத்திதாசப் பண்டிதர் பிறந்த சமுதாயம் இது. படித்த நீங்கள், அவரவர் தெருவில் வெயிலில் உழைக்கும் பெற்றோரின் கண்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மூக்கின் பக்கமிருந்து சதை கருவிழியில் ஏறியிருந்தால், கண்மணியை மூடும் முன்னரே கைப்பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒருமுறை அறுத்தும் வளர்ந்ததென்று வீட்டில் முடங்கியிருப்போரை முதலில் அழைத்துச் செல்லுங்கள். சங்கம் தந்த கல்விக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவேயாகும்.