பூட்டிக் கிடக்கும் சாளைகள்



தோட்டத்து வீட்டை நம் கொங்கு நாட்டில் சாளை என்போம். பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, எத்தனையோ சாளைகள் இன்று பூட்டிக் கிடக்கின்றன. கட்டுத்தரையில் மாடு இல்லை. ரோட்டோரம் என்றால் சைட் போட்டுவிடுகிறார்கள். விற்பவர்களை நான் குறை சொல்லவில்லை. கடனும் கல்யாணமும் சொல்லிக்கொண்டா வருகின்றன?

காங்கேயம் பக்கத்தில் குட்டப்பாளையத்தில் ஒரு குடும்பம் வேறு வழி எடுத்தது. 2009-இல் தங்கள் பண்ணையிலேயே சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். காங்கேயம் மாட்டினத்தைக் காப்பதும், அதைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்லித்தருவதும் அதன் பணி.

கவலை இறைத்த காளைகளுக்கு மோட்டார் வந்ததும் வேலை போயிற்று. உழவு டிராக்டருக்குப் போனது, பால் கலப்பினப் பசுவுக்குப் போனது. வேலையில்லாத காளைக்கு யார் தீனி போடுவார்கள்? அடிமாடாகத்தான் போனது.

மாட்டை மட்டும் காத்தால் போதாது, அது மேயும் கொறங்காடும் வேண்டும். மழை குறைந்த மானாவாரி நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். வேலியே உயிருள்ளது. மாட்டை உள்ளே விட்டுவிட்டால் மேய்க்க ஆள் தேவையில்லை. புல் காய்ந்த காலத்தில் வெள்வேலங்காய் தீனியாகிறது. படிக்காதவர்கள் என்று நாம் நினைக்கும் நம் முன்னோர் போட்ட கணக்கு இது!

ஏதேனில் மனிதரை வைத்த ஆண்டவர் இரண்டு வேலைகளைக் கொடுத்தார் என்கிறது தொடக்கநூல்: பண்படுத்துவது, பாதுகாப்பது. இரண்டையும் பிரிக்கக்கூடாது என்பதைத்தான் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுத் திருமடலில் நினைவூட்டினார். முதல் வேலையை இயந்திரம் வைத்து நன்றாகவே செய்கிறோம். போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்பது இணைச்சட்ட நூலின் கட்டளை. உழைத்த உயிருக்கு விளைச்சலில் பங்கு உண்டு. நாம் வாயைக் கட்டவில்லை, மாட்டையே வேண்டாம் என்றுவிட்டோம்.

எல்லாச் சாளையும் ஆராய்ச்சி மையம் ஆகாதுதான். ஆனால் ஓர் அறையில் தாத்தாவின் கலப்பையும் நுகத்தடியும், வாசலில் ஒரு பசுவும் கன்றும், லீவு நாளில் வந்து பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளும் என்றால் முடியாதா? காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாக மாறும். மறைக்கல்வி வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள். தாத்தா வீட்டில் இன்னும் மாடு வைத்திருக்கும் பிள்ளை மட்டும் கை தூக்கும்.