காலியாக ஓடிய பேருந்து

(தோழர்களின் பயிற்சிப் பாசறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற திங்கள் ஒரு சிற்றூரிலே பொதுக்கூட்டம். பேசி முடித்து மேடையை விட்டு இறங்கினேன். கூட்டம் கலைந்தது, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள். இருட்டிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். இருபது வயது இருக்கும். "அண்ணே, ஒரு கேள்வி" என்றான். கேள் தம்பி என்றேன். கேட்டான்.

"எங்கள் ஊர்த் தேநீர்க் கடையிலே எங்கள் தெருக்காரருக்குத் தனிக் குவளை. நாளைக் காலையிலே அந்தக் குவளைகளைப் போட்டு உடைக்கப் போகிறேன். உடைத்தால் அடிப்பார்கள். அடித்தால் நானும் அடிப்பேன். நீங்களோ மேடையிலே அறவழி அறவழி என்கிறீர்கள். அறவழி என்றால், அடித்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதா, அண்ணே?"

இரண்டு மணி நேரம் ஓயாமல் பேசிய என் நாக்கு, அவன் முன்னே இரண்டு நிமிடம் எழவில்லை. அன்றிரவு அரைகுறையாகச் சொன்ன விடையை இன்று உங்கள் முன்னிலையிலே முழுமையாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன். பேராசிரியர்களைப் போல வரலாறு சொல்லத் தெரியாது. நாடகம் எழுதிப் பழகியவன்; காட்சி காட்சியாகத்தான் சொல்லத் தெரியும். திரையை விலக்குகிறேன், பாருங்கள்!

அமெரிக்க நாடு. அலபாமா மாநிலம். மாண்ட்கோமரி நகரம். ஆண்டு 1955. வீதியிலே ஒரு பேருந்து. முன்பக்கத்து இருக்கைகள் பத்து, வெள்ளையருக்கு. அவற்றிலே அமர ஒரு வெள்ளையரும் இல்லாவிட்டாலும் அவை காலியாகவே கிடக்க வேண்டும்; கறுப்பினத் தாய் கைக்குழந்தையோடு நின்றுகொண்டே வரவேண்டும். அவள் முன்வாயிலிலே ஏறிக் காசு கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். பின்வாயிலுக்குப் போய் மறுபடி ஏற வேண்டும். அவள் பின்வாயிலை அடைவதற்குள் ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவதும் உண்டு. காசும் போயிற்று, மானமும் போயிற்று, வண்டியும் போயிற்று!

அந்தப் பேருந்துகளை வாழவைத்தவர்கள் யார் தெரியுமா? ஏறக்குறைய நான்கு பயணிகளில் மூவர் கறுப்பினத்தவர். தன்னை இழிவுபடுத்தும் வண்டிக்குத் தானே நாள்தோறும் 10 சென்ட் கொடுத்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தது அந்தச் சமுதாயம்.

டிசம்பர் முதல் நாள் மாலை. ரோசா பார்க்ஸ் என்னும் 42 வயது அம்மையார், துணிக்கடையிலே தையல் வேலையை முடித்துக்கொண்டு வண்டியேறினார். வெள்ளையர் ஒருவர் நிற்கிறார், எழுந்திரு என்றான் ஓட்டுநன். அந்த வரிசையிலே இருந்த மற்ற மூவரும் எழுந்தனர். அம்மையார் எழவில்லை. கைது செய்யப்பட்டார். உடல் களைத்து எழாமல் இருந்தார் என்று உலகம் கதை சொல்லிற்று. விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் களைத்தேன் என்ற பொருள்பட அவரே பின்னாளிலே எழுதினார்.

நாடகமாக எழுதினால் இந்த இடத்திலே முரசு கொட்டி முதல் அங்கத்தை முடித்துவிடுவேன். ஒரு பெண்மணி எழ மறுத்தார், ஓர் இனமே எழுந்தது என்று ஒரு வசனம்; கொட்டகை அதிரக் கைதட்டல். ஆனால் வரலாறு என் வசனத்தைவிட நீளமானது, தோழர்களே! பார்க்ஸ் அம்மையார் வழியோடு போன தையற்காரர் அல்லர். கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்கு 1943ஆம் ஆண்டிலிருந்து செயலாளராகப் பணியாற்றியவர். இவருக்கு ஒன்பது திங்கள் முன்னதாக, மார்ச் 2ஆம் நாள், கிளாடெட் கால்வின் என்னும் 15 வயதுப் பள்ளி மாணவி இதே நகரிலே எழ மறுத்துக் கைதானாள். அதற்கும் முன்பு, 1954ஆம் ஆண்டு மே திங்களிலேயே, கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் நகரத் தலைவருக்கு மடல் எழுதினார்: நடத்தும் முறையை மாற்றாவிட்டால் பேருந்தைப் புறக்கணிப்போம் என்று. 1949ஆம் ஆண்டிலே ஏறக்குறையக் காலியான பேருந்தின் முன்பக்கம் அமர்ந்ததற்காக ஓட்டுநனின் வசையைக் கேட்டுக் கண்ணீரோடு இறங்கியவர் அவர். அந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஆறாண்டுக் காலம் அணி திரட்டினார்.

கால்வின் கதையிலே நமக்கும் ஒரு சூடு இருக்கிறது. அந்தச் சிறுமியை முன்னிறுத்திப் போராடத் தலைவர்கள் தயங்கினார்கள். வயது சிறிது என்றார்கள். ஏழைக் குடும்பம் என்றார்கள். மணமாகாமலே அவள் கருவுற்றதும் ஊர் வாய்க்கு அஞ்சினார்கள். விடுதலை கேட்டவர்களும் ஆளைப் பார்த்துத்தான் மாலையை எடுத்தார்கள்! ஆயினும் அவள் ஒதுங்கிவிடவில்லை. வழக்கு மன்றத்திலே கூண்டேறிச் சான்று சொன்னாள். அவள் மீதிருந்த பழைய குற்றப் பதிவு 2021ஆம் ஆண்டிலேதான் அழிக்கப்பட்டது. நம் மாவட்டங்களிலும், நம் கிளைகளிலும், முகம் பார்த்து முன்வரிசை கொடுக்கும் பழக்கம் உண்டா இல்லையா என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த காட்சி, நள்ளிரவு. பார்க்ஸ் கைதான செய்தி கேட்ட ராபின்சன் அம்மையார், தம் கல்லூரியின் நகலெடுக்கும் பொறியின் முன்னே நிற்கிறார். உடன் ஓர் ஆசிரியர், இரண்டு மாணவர்கள். அரசுக் கல்லூரி, அகப்பட்டால் வேலை போகும். விடியும் வரை பொறி சுழல்கிறது. பல்லாயிரக்கணக்கான துண்டறிக்கைகள்! திங்கட்கிழமை ஒரே ஒரு நாள் பேருந்து ஏறாதீர்கள் என்று வேண்டுகோள். துண்டறிக்கை ஒட்டி, துண்டறிக்கை சுமந்து வளர்ந்த தோழர்களுக்கு அந்த இரவின் மணம் தெரியும்.

டிசம்பர் 5. திங்கட்கிழமை. பொழுது புலர்கிறது. 26 வயது இளம் போதகர் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டு வாசல் வழியே முதல் பேருந்து போகிறது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் நாள்தோறும் நெருக்கியடித்து நிற்கும் வண்டி அது. கிங்கின் துணைவியார் சன்னல் வழியே பார்க்கிறார். வண்டி காலி! அடுத்த வண்டி வருகிறது. அதுவும் காலி! கல் ஒன்று பறக்கவில்லை. கண்ணாடி ஒன்று உடையவில்லை. ஆட்கள் மட்டும் ஏறவில்லை. ஆதிக்கத்தின் அடிவயிறு கலங்கிற்று.

அன்று மாலை ஆலயத்திலே மக்கள் வெள்ளம். தொடருவோம் என்று முடிவு. முதலிலே அவர்கள் கேட்டது மிகச் சிறிது. மரியாதையாக நடத்துங்கள், வந்த வரிசைப்படி அமரவிடுங்கள், நாங்கள் பின்னாலிருந்து, அவர்கள் முன்னாலிருந்து, எங்கள் மக்கள் மிகுந்த தடங்களிலே எங்களவரை ஓட்டுநராக வையுங்கள். இவ்வளவுதான்! அதையும் மறுத்தது நகர ஆட்சி. கையளவு கேட்டபோது கொடுக்க மறுத்தவர்கள், கடைசியிலே முழுவதையும் கொடுக்க நேர்ந்தது.

ஒரு நாள் நடக்கலாம், தோழர்களே, ஓராண்டு நடக்க முடியுமா? உணர்ச்சியை நம்பியிருந்தால் ஒரு வாரத்திலே ஓய்ந்திருக்கும். கறுப்பின வாடகைக் கார்க்காரர்கள் பேருந்துக் கட்டணமாகிய 10 சென்ட்டுக்கே ஏற்றிச் சென்றார்கள். குறைந்த கட்டணம் 45 சென்ட் என்று விதியைக் காட்டி மிரட்டிற்று நகர ஆட்சி. உடனே, 1953ஆம் ஆண்டிலே பேட்டன் ரூஜ் நகரில் இத்தகைய போராட்டம் நடத்திய போதகர் ஜெமிசனிடம் வழி கேட்டார்கள். சொந்தக் கார் வைத்திருந்தோர் முன்வந்தார்கள். ஏறக்குறைய 300 கார்கள். ஏறுமிடங்கள், இறங்குமிடங்கள், கால அட்டவணை! காப்பீட்டை நீக்கிக் கார்களை முடக்கப் பார்த்தனர். இலண்டன் லாயிட்ஸ் வழியாகக் காப்பீடு பெற்றார்கள். பணத்துக்கு? ஜார்ஜியா கில்மோர் என்னும் சமையற்கார அம்மையார் தோழியரைத் திரட்டி, கோழிக்கறியும் பணியாரமும் செய்து விற்றுக் காசு சேர்த்தார். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை என்பது விடை. அவர்கள் குழுவுக்கே "எங்குமில்லாத் தோழியர் மன்றம்" என்னும் பொருளிலே பெயர்! பெயர் தெரிந்தால் எசமானியம்மாள் வேலையை விட்டு நீக்குவாள் அல்லவா? அடுப்படியிலே பிறந்த அந்தக் காசு, கார்களுக்கு எண்ணெய் ஆயிற்று.

இனித்தான், அந்த இளைஞனுக்கு நான் சொன்ன காட்சி. 1956, சனவரி 30. கிங் கூட்டத்திலே இருக்கிறார். அவர் வீட்டிலே வெடிகுண்டு! உள்ளே மனைவி, பச்சிளங் குழந்தை. நல்வாய்ப்பாக உயிர் தப்பினர். விரைந்து வருகிறார். வாசலிலே கொதித்து நிற்கிறது கூட்டம். சிலர் கையிலே ஆயுதம். ஒரு சொல் போதும். அன்றிரவு நகரம் எரிந்திருக்கும். உடைந்த முகப்பிலே நின்று அவர் சொன்னார்: ஆயுதங்களை வீட்டிலே வையுங்கள், வன்முறைக்கு வன்முறையால் விடை காண முடியாது என்று. கூட்டம் கலைந்தது. எரிந்திருந்தால், மறுநாள் ஏடுகளிலே குண்டு வைத்தவன் மறைந்திருப்பான். தீ வைத்தவனே தெரிந்திருப்பான்.

அஞ்சிக் கலைந்தவர்களா அவர்கள்? அடுத்த திங்களிலே, புறக்கணிப்புக்கு எதிரான 1921ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, 89 பேர் மீது குற்றம் சாட்டினார்கள். காவலர் தேடி வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. குளித்து முடித்துத் திருவிழா உடை உடுத்தி, தாமே போய் வரிசையிலே நின்றார்கள். பட்டியலிலே என் பெயர் இல்லையா என்று ஏமாந்தவரும் உண்டு! சிறை என்னும் பூச்சாண்டி அன்றே செத்தது.

இந்த உரம் எங்கிருந்து வந்தது? நாடகக்காரனாகிய என்னைக் கட்டிப்போட்ட செய்தி இதுதான். சமநிலைப் பயணம் தொடங்குமுன் ஆலயத்திலே நாற்காலிகளைப் பேருந்து போல வரிசையாகப் போட்டார்கள். ஒருவர் ஓட்டுநர் வேடம், சிலர் வெள்ளையர் வேடம், சிலர் தாமாகவே. வெள்ளையர் வேடம் இட்டவர் வசை பொழிவார், தள்ளுவார். மற்றவர் கை ஓங்காமல், தலை குனியாமல், இருக்கையை விடாமல் இருக்கப் பழக வேண்டும். பழகும்போதே தம்மை மறந்து திருப்பி அடித்தவர்களும் உண்டு. அவர்களைத் துரத்திவிடவில்லை, திருத்தி, மறுபடி ஒத்திகை பார்த்தார்கள். ஒத்திகை, தோழர்களே, ஒத்திகை! அடிப்பதற்குப் பயிற்சி வேண்டாம்; சினமே போதும். அடிபட்டும் அசையாமல் நிற்கத்தான் ஆயிரம் ஒத்திகை வேண்டும்.

தெருவிலே கால்கள் நடந்தன. மன்றத்திலே வழக்கு நடந்தது. ஆரீலியா பிரவுடர், சூசி மெக்டொனால்டு, கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் சுமித் ஆகிய நான்கு பெண்கள் வழக்காடினார்கள். 1956 நவம்பர் 13ஆம் நாள், பேருந்திலே இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. டிசம்பர் 21ஆம் நாள் மக்கள் மறுபடி ஏறினார்கள், முன்வாயில் வழியே! நடந்த நாட்கள் 381.

விலை கொடுக்காமல் கிடைத்ததா? 1957 சனவரியிலே ஆலயங்களிலே குண்டு வெடித்தது. பார்க்ஸ் அம்மையார் வேலையிழந்து ஊரைவிட்டே போனார். வெள்ளையரிலும் விலை கொடுத்தவர்கள் உண்டு. ராபர்ட் கிரேட்சு என்னும் வெள்ளைப் போதகர் தம் காரிலே நடையாளரை ஏற்றிச் சென்றார். அவர் வீட்டிலும் குண்டு விழுந்தது. ஜூலியட் மார்கன் என்னும் நூலகர், இந்தப் போரைக் காந்தியாரின் உப்பு அறப்போருக்கு ஒப்பிட்டு ஏட்டுக்கு மடல் எழுதினார். தம் இனத்தார் தந்த தொல்லையிலே நொந்து 1957ஆம் ஆண்டிலே மறைந்தார். முன்னிருக்கை அவர்களுக்கு உரிமையாகவே இருந்தது. அது தமக்கு அவமானம் என்று உணர்ந்தார்கள். அதுதான் தோழமை!

1959ஆம் ஆண்டிலே கிங் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்திலே, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் போனார். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலிலே திடுக்கிட்டார் கிங். பிறகு எண்ணிப் பார்த்து, ஆம், நானும் என் மக்களும் அப்படித்தான் என்று ஒப்பினார். அங்கே நிறம், இங்கே சாதி. நோய் ஒன்றுதான் என்று வந்த விருந்தாளிக்குப் புரிந்தது. வீட்டுக்காரர் நமக்கு? மாண்ட்கோமரி நடந்த அதே 1955ஆம் ஆண்டிலேதான் நம் நாட்டிலே தீண்டாமையைக் குற்றமாக்கித் தண்டிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஓர் இளைஞன் இருட்டிலே வந்து குவளையைப் பற்றிக் கேட்கிறான்!

இப்போது ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று மாலை, கூட்டத்துக்கு முன்னால், அதே கடையிலே நானும் தேநீர் குடித்தேன். எனக்குக் கண்ணாடிக் குவளையிலே தந்தார்கள். யார் எதிலே குடிக்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. குடித்துவிட்டுப் போய்த்தான் சமத்துவம் பேசினேன். அவன் கேள்விக்கு முன்னே என் நா எழாததற்குக் காரணம் அதுதான், தோழர்களே!

அவனிடம் சொன்னேன்: "தம்பி, உன் குவளையை நீ உடைக்க வேண்டாம்; நாங்கள் எங்கள் குவளையைக் கீழே வைக்க வேண்டும். உன் தெரு மட்டும் புறக்கணித்தால் கடை தாங்கும். ஊரே ஒரு வாரம் தேநீர் குடிக்க மறுத்தால் எந்தக் கடை தாங்கும்? சட்டத்தின் கதவையும் தட்டுவோம். உன்னைத் தனியாக அடிபட விடமாட்டோம்" என்றேன். "நீங்கள் வருவீர்களா, அண்ணே?" என்றான். வருகிறேன் என்று சொல் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு போகிறேன். மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், மாலை வேண்டாம். அவன் தெருவிலே நான்கு பலகைகளைப் போட்டு, அதைத் தேநீர்க் கடையாகக் கொண்டு, ஒத்திகை பார்க்கப் போகிறோம். கண்ணாடிக் குவளையிலே குடித்துப் பழகிய தோழர்கள்தாம் முதலிலே வேண்டும். யார் யார் வருகிறீர்கள்? கைதட்ட வேண்டாம், கையைத் தூக்குங்கள்!