ஒரே ஓர் உதிரிப் பாகம்



வெளி மாநிலத்தில் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில், ஊரிலிருந்து கொண்டுவந்த பொருள் ஒன்றாவது இருக்கும். ஒரு வீட்டில் பித்தளை முறுக்குக் குழல். மற்றொரு வீட்டில் கால்மிதித் தையல் யந்திரம். இன்னொரு வீட்டில் கோயம்புத்தூர் மாவரைக்கும் யந்திரம். அவை நன்றாக உழைக்கும்வரை நாம் அவற்றை நினைப்பதேயில்லை. பழுதுபட்டு நிற்கும்போதுதான், ஊரைவிட்டு எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்பது புலப்படுகிறது. உள்ளூர்க் கடைக்காரர் அத்தகைய பொருளையே கண்டதில்லை என்று கையை விரிக்கிறார். அதைச் செய்த நிறுவனமும் மூடப்பட்டிருந்தால், பழைய இரும்புக் கடையைத் தவிர வேறு வழியில்லை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் செய்யத்தக்கது ஒன்று உண்டு. வேண்டிய ஒரே ஓர் உலோகப் பாகத்தை நம் கைக்கு எட்டிய செலவில் செய்வித்துக்கொள்வதுதான் அது. அதைப்பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நான் யந்திரத் தொழில் பயின்றவனல்லன். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன். இந்த விஷயத்தில் எனக்குள்ள அறிவு, செய்த ஒரு பிழையிலிருந்து வந்தது. ஆகையால் அந்தப் பிழையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

மைசூருவில் என் அண்டை வீட்டில் ஓர் அம்மையார் இருக்கிறார். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர். கணவரை இழந்தபின், இட்லி மாவு அரைத்து விற்றே இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். அவருடைய முதல் எல்லாம் ஓர் அரவை யந்திரம்தான். ஒரு நாள் காலை அது முனகத் தொடங்கியது, கற்பாத்திரம் தள்ளாடியது. பார்க்க வந்தவர், "இந்த மாதிரிக்கு இப்போது சாமான் வருவதில்லை, புதிது வாங்கிவிடுங்கள்" என்று சொல்லிப் போய்விட்டார். புதிய யந்திரத்தின் விலை அவருக்கு மூன்று மாத வருமானம். "தம்பி, இரண்டு நாள் மாவு போடாவிட்டால் வாடிக்கை வேறு இடத்துக்குப் போய்விடும். அப்புறம் அது திரும்பாது" என்றார்.

கழற்றிப் பார்த்ததில், நடுத்தண்டைச் சுற்றியிருக்கும் சிறிய வெண்கலக் குழல் தேய்ந்திருந்தது. பட்டறைகளில் அதைப் 'புஷ்' என்பார்கள். நான் அதை எடுத்துக்கொண்டு ஒரு லேத்துப் பட்டறைக்குச் சென்று, "இதேபோல் ஒன்று கடைந்து தாருங்கள்" என்றேன். அவரும் அப்படியே கடைந்து தந்தார். வீட்டுக்கு வந்து பூட்டினால் யந்திரம் பழையபடியே தள்ளாடிற்று! மறுநாள் பட்டறை மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "ஸ்வாமி, தேய்ந்ததைக் கொடுத்து இதேபோல் என்றீர்கள், தேய்ந்ததைத்தான் செய்து கொடுத்தேன். அது எதன்மேல் ஓடுகிறதோ அந்தத் தண்டைக் கொண்டுவாருங்கள்" என்றார். எழுத்துப் பிழை மலிந்த பிரதியை மொழிபெயர்த்தால் பிழையும் சேர்ந்தே மொழிபெயரும் என்பது என் தொழிலில் பாலபாடம். அதைப் பட்டறை வாசலில் மறந்துவிட்டேன்.

தண்டை அளந்தபோது அதுவும் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. அதற்குப் பற்றவைப்பால் உலோகம் ஏற்றி மறுபடி கடைவது ஒரு வழி. அதில் செலவு அதிகம். தண்டை இலேசாகக் கடைந்து உருட்சியாக்கி, அந்தக் குறைந்த அளவுக்கு ஏற்பப் புதிய புஷ்ஷின் துளையை அமைப்பது மற்றொரு வழி. மேஸ்திரி இரண்டாவதையே செய்தார். இரண்டு முறை கடைந்த கூலியும் சேர்த்து, புதிய யந்திரத்தின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட ஆகவில்லை. முதல் நாளே ஒழுங்காகக் கேட்டிருந்தால் அதிலும் பாதிதான் ஆகியிருக்கும்.

நேயர்களே, இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது இதுதான். ஒற்றைப் பாகத்தின் விலையில் உலோகத்தின் பங்கு சொற்பம். பெரும்பங்கு தொழிலாளியின் நேரம். அந்த நேரத்திலும் பெரும்பகுதி, வேண்டியது இன்னதென்று அவர் ஊகிப்பதிலும், யந்திரத்தில் பொருளைப் பூட்டிச் சரிசெய்வதிலும் போகிறது. ஊகிக்கும் வேலையை நாம் குறைத்தால் செலவு தானே குறையும்.

ஆகவே பட்டறைக்குப் போகுமுன் மூன்று பொருள்களைச் சேகரித்துக்கொள்ளுங்கள். முதலாவது, உடைந்த அல்லது தேய்ந்த பாகம். துண்டுகளாக இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். இரண்டாவது, அது பொருந்தும் மறுபாகம். மூன்றாவது, ஒரு காகிதத்தில் கையால் வரைந்த படம். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. அளவுகள் மில்லிமீட்டரில் தெளிவாக இருந்தால் போதும். தேயாத இடத்தில் அளவெடுக்க வேண்டும். எந்த அளவு மிகச் சரியாக இருக்கவேண்டுமோ அதன் கீழ் மட்டும் கோடிடுங்கள். சுழலும் தண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே விடும் இடைவெளி, ஒரு தலைமயிரின் கனத்தினும் குறைவாக இருக்கும். தலைமயிரின் கனமோ சுமார் 0.07 மில்லிமீட்டர். அத்தகைய நுட்பம் அந்த ஓரிடத்துக்குத் தேவை. வெளி விளிம்புக்கும் அதே நுட்பத்தைக் கேட்டால், வேண்டாத நுட்பத்துக்கு விலை கொடுத்தவர்களாவோம்.

அடுத்து, உண்மையில் அந்தப் பாகத்தைச் செய்யத்தான் வேண்டுமா என்று ஆராயவேண்டும். உருளும் குண்டுகள் அடங்கிய பேரிங் என்ற உறுப்பைக் கவனியுங்கள். அதன் விளிம்பில் 6204 என்ற எண் பொறித்திருந்தால், உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர் என்று பொருள். எந்த நாட்டில் செய்ததாயினும் இந்த அளவு மாறாது. யந்திரத்தைச் செய்த நிறுவனம் மறைந்திருக்கலாம். அந்த எண் மறைவதில்லை. ஆணி, மரை, பெல்ட் முதலியவையும் இத்தகைய பொது அளவுகளில் கடையில் கிடைப்பவைதாம். கடையில் கிடைக்கும் பொருளை வாங்கி, அதில் ஒரு துளையைப் பெரிதாக்கினாலோ நீளத்தைக் குறைத்தாலோ வேலை முடியுமானால், அதைவிடச் சிக்கனம் வேறில்லை.

செய்தே தீரவேண்டுமென்றால், உருவத்துக்கு ஏற்ற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உருண்டையானவற்றுக்கு லேத்து, அதாவது கடைசல் யந்திரம். தட்டையானவற்றுக்கு, தகட்டை லேசர் ஒளியால் வெட்டும் கூடங்கள் இப்போது நகரங்களில் உள்ளன. கணினியில் வரைந்த கோட்டுப்படத்தைக் கொடுத்தால் முறுக்குக் குழலின் அச்சுத் தகட்டைக்கூட வெட்டி வாங்கலாம். வளைவும் நெளிவும் உள்ள கனமான பாகத்துக்கு மணல் வார்ப்பு. பழைய பாகத்தையே மாதிரியாக வைத்து வார்க்கலாமே என்று தோன்றும். வார்க்கலாம், ஆனால் உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று, பித்தளை சுமார் ஒன்றரை சுருங்கும். 200 மில்லிமீட்டர் நீளமுள்ள இரும்புப் பாகத்தை அப்படி வார்த்தால், 198 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். அதனால், மாதிரியின்மேல் மெழுகோ தகடோ ஒட்டிச் சற்றுப் பெரிதாக்கி வார்த்து, பின்னர் கடைந்து சரியான அளவுக்குக் கொண்டுவருவார்கள்.

உலோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புஷ்களுக்கு ஏற்றது 'கன்மெட்டல்' என்னும் வெண்கலக் கலவை. நூற்றுக்கு 88 செம்பு, 10 வெள்ளீயம், 2 துத்தநாகம் சேர்ந்தது ஒரு வகை. 85 செம்பும், வெள்ளீயம், துத்தநாகம், காரீயம் ஆகியவை ஐந்தைந்தும் கலந்தது மற்றொரு வகை. கடைவதற்கு இது இலகுவானது. ஆனால் காரீயம் கலந்ததாகையால் உணவு தொடும் இடத்துக்கு ஆகாது. மாவோ நீரோ படும் இடமாயின், 304 என்ற எண்ணுள்ள துருப்பிடிக்காத எஃகையே கேளுங்கள். எடைக்கு விற்கும் கடைகளில் சிறு துண்டுகள் கிடைக்கும். ஒரு முழக் கம்பி வாங்கி அரை அங்குலத்துக்குப் பயன்படுத்த வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கனம், கூட்டாகச் செய்விப்பது. பூட்டிச் சரிசெய்ய ஒரு மணி நேரமும், ஒரு பாகம் கடையப் பத்து நிமிஷமும் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். ஒன்று மட்டும் செய்தால் எழுபது நிமிஷக் கூலி. ஆறு செய்தால் மொத்தம் இரண்டு மணி நேரம். பாகம் ஒன்றுக்கு இருபது நிமிஷந்தான். அதே மாதிரி யந்திரம் வைத்திருக்கும் நம்மவர் ஆறு பேர் சேரமுடியாதா? அவசரமில்லையென்றால், "இதே கம்பியில் வேறு வேலை வரும்போது சேர்த்துச் செய்யுங்கள்" என்று விட்டுவருவதும் நல்லது.

இந்த முறைக்கு மைசூரு நகரமே சான்று. 1960களின் தொடக்கம் முதல் இங்கே ஜாவா மோட்டார் சைக்கிள்களும், பின்னர் யெஸ்டி வண்டிகளும் உற்பத்தியாயின. அந்த ஆலை 1996இல் மூடப்பட்டது. அப்பெயர்கள் 2018இலும் 2022இலும் புதிய வண்டிகளில் திரும்பிவந்தன. ஆயினும் புதியவற்றின் யந்திரம் வேறு, பழையவற்றின் யந்திரம் வேறு. இருந்தும் பழைய வண்டிகளைப் பலர் இன்றும் ஓட்டுகிறார்கள். கிடைக்கும் பாகத்தைத் தேடி வாங்கியும், கிடைக்காததைப் பட்டறைகளில் செய்வித்தும் ஆர்வலர்கள் அவற்றைக் காத்துவருகிறார்கள். ஆலை மூடினாலும் கைத்திறன் மூடுவதில்லை.

நீங்கள் எந்த ஊரிலிருந்தாலும் தொழிற்பேட்டையைத் தேடிச் செல்லுங்கள். பெங்களூருவில் பீன்யா, ஹைதராபாத்தில் பாலாநகர், தில்லியில் ஓக்லா, கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் ஹௌரா என்று பெயர் பெற்ற இடங்கள் பல. கர்நாடகத்தில், 1972இல் டென்மார்க்கின் ஒத்துழைப்போடு தொடங்கிய அரசுக் கருவி அறை மற்றும் பயிற்சி மையத்துக்கு மைசூருவிலும் கிளை உண்டு. மிக நுட்பமான வேலைக்கு அத்தகைய இடத்தை அணுகலாம். சாதாரண வேலைக்குச் சிறு பட்டறையே போதும்.

பாஷை தெரியாதே என்று தயங்கவேண்டாம். ஹிந்தியில் கடைசல் யந்திரம் 'கராத்', பித்தளை 'பீத்தல்'. கன்னடத்தில் பித்தளை 'ஹித்தாளெ', இரும்பு 'கப்பிண'. இவ்வளவு தெரிந்தால் பேச்சுத் தொடங்கிவிடும். மீதியைக் கையிலுள்ள மாதிரியும் படமும் பேசிவிடும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். சிக்கனம் உயிருக்கு உலை வைப்பதாக இருக்கக்கூடாது. பிரஷர் குக்கரின் பாதுகாப்பு வால்வு, சமையல் வாயு இணைப்பு, வண்டியின் பிரேக் ஆகியவற்றைப் பட்டறையில் செய்வித்துப் பரீட்சை பார்க்காதீர்கள். குக்கரின் பாதுகாப்பு வால்விலுள்ள உலோகம், சூடு எல்லை மீறும்போது உருகி வழிவிடுவதற்கென்றே அமைந்தது. அந்த இடத்தில் உறுதியான பித்தளையைக் கடைந்து பொருத்துவது, அபாயத்துக்குத் தாழ்போட்டு வைப்பதாகும்.

கடைசியாக ஒன்று. பேரம் பேசிக் கூலியைக் குறைப்பதுதான் சிக்கனம் என்று எண்ணுகிறோம். ஒரு பாகத்துக்காக வருபவரால் பட்டறைக்காரருக்கு அதிக வருமானமில்லை. வேறு வேலையை நிறுத்திவிட்டுத்தான் நமக்குச் செய்கிறார். கேட்டதைத் தெளிவாகக் கேட்டு, சொன்ன நாள்வரை பொறுத்து, பேசிய கூலியை உடனே கொடுத்தால் அடுத்த முறையும் அவர் முகம் மலரும். அயலூரில் அந்த முகமலர்ச்சி பெரிய சொத்து.

அண்டை வீட்டு அம்மையாரின் யந்திரம் மூன்றாம் நாள் விடியற்காலையில் ஓடத் தொடங்கிற்று. முதல் மாவில் வார்த்த இட்லியை மேஸ்திரிக்கும் கொடுத்தனுப்பினார். மிகுந்த கம்பித் துண்டில் அவர் இன்னொரு புஷ்ஷையும் கடைந்து தந்திருந்தார். அது இப்போது அந்த வீட்டு அஞ்சறைப் பெட்டியில் வெந்தயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.